றெக்ஸுக்காகக் கதைத்தது ஆர்?

"எழுத்துச் சோதினையிலை எங்கடை மெலனிக்குத்தான் புள்ளி கூட. பேந்து எப்பிடி இடம் றெக்ஸுக்குப் போனது?"

பூசை முடிந்து கார் எடுக்கப் போன கணவரை மறித்துக் கேட்டாள் றோசலின்.

"நேர்முகத்திலை ஆளையும் பாப்பினமாம்," என்றார் பேனாட்.

"ஆளைப் பாக்கினமோ, ஆளுக்குப் பின்னாலை நிக்கிற ஆளைப் பாக்கினமோ?"

றோசலினின் மகள் மெலனியும் றெக்ஸும் வெளிநாட்டில் டொக்டருக்குப் படித்துவிட்டு மொன்றியலுக்குத் திரும்பியவர்கள். இங்கே தொழில் செய்வதென்றால் முதலில் ஏதாவது ஆஸ்பத்திரி பயிற்சிக்கு எடுக்க வேண்டும். கோட்-டெ-நெய்ஜ் பக்கம் இருந்தது ஒரேயொரு இடம். மெலனி இனி அடுத்த வருடம்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள்.

றெக்ஸின் தாய் அக்னெஸ் கோவில் பாடகர் குழுவில். ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கும் குழுவிலுள்ள டொக்டர் றெனோல்டின் மனைவியும் அதே பாடகர் குழுவில். றோசலினுக்கு இது போதாதா?

கோவில் வாசலில் அக்னெஸ் டொக்டர் றெனோல்டோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா வாவனப்பா," என்றார் பேனாட். றோசலின் நேரே போனாள்.

"மெலனி எப்பிடி இருக்கிறாள், றோசலின்?" என்று அக்னெஸ் கேட்டாள்.

"உங்கடை புண்ணியத்திலை இருக்கிறாள்."

அக்னெஸின் முகம் சுருங்கியது. விலகிப் போனாள்.

"குறை நினையாதேங்கோ டொக்டர். புள்ளியைப் பாக்காமல், ஆர் பெத்த பிள்ளை எண்டோ பாக்கிறது?"

"புள்ளி நேர்முகத்துக்குக் கூப்பிடுறதுக்குத்தான் அக்கா. கூப்பிட்ட எல்லாருக்கும் நல்ல புள்ளிதான். பேந்து, எங்களோடை நிண்டு வேலை செய்யக்கூடிய ஆளோ எண்டு பாப்பினம். மெலனி புது ஆக்களுக்கு முன்னாலை வாய் திறக்கமாட்டாள், உங்களுக்குத் தெரியுந்தானே."

"றெக்ஸ் திறந்தவனாக்கும். இல்லாட்டித் தாய் திறந்தவவோ?"

"எனக்குத் தெரியாது. இந்த முறை நான் அந்த அறைக்குள்ளை இருக்கேல்லை."

"ஏன்?"

"விண்ணப்பிச்ச பிள்ளைக்காக வீட்டு ஆக்கள் எங்களிட்டை வந்து கதைச்சால் நாங்கள் விலகோணும். அப்பிடித்தான் சட்டம்."

றோசலின் கணவர் பக்கம் திரும்பினாள். "கேட்டியளே? அக்னெஸ் போயிருக்கிறா."

பேனாட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்னெஸ் அக்கா வரேல்லை," என்றார் டொக்டர். "நத்தாருக்குப் பலகாரத் தட்டோடை வந்து, 'மெலனியைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ' எண்டு நீங்கள்தான் சொல்லிட்டுப் போனனீங்கள்."

"அது... நத்தார் பலகாரம் எல்லா வீட்டுக்கும் குடுக்கிறதுதானே."

"பலகாரத்துக்கு ஒண்டுமில்லை அக்கா." டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "மெலனி எனக்குக் கீழை மூண்டு மாதம் வேலை பழகினவள். நோயாளியளிட்டை அவள் எவ்வளவு தன்மையாக் கதைக்கிறவள் எண்டு அந்தக் குழுவிலை நேரிலை பாத்தது நான் ஒருத்தன்தான். அதைச் சொல்லுறதுக்குத்தான் அந்த அறையிலை நான் இருந்திருக்கோணும்."