முதுகில் இல்லாத இலை

ஆடி பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை முதலே பலத்த காற்று வீசியது. சந்தைக்குக் கீரை சுமந்து சென்ற கழுதை, ஆட்டுக்குச் சொந்தமான மரநிழலில் நின்றது. கட்டணமாக ஒரு பிடி புல் கொடுத்தது. ஆடு தன் பல்தடம் பதித்த இலை ஒன்றை ரசீதாக அதன் முதுகில் வைத்தது. காற்று இலையைக் கீழே தள்ளிவிட்டது.

“முதுகில் இலை இல்லை. அபராதமாகப் பத்துப் பிடி புல் கொடு. அதுவரை கீரை நகராது,” என்றது ஆடு.

“இதோ காலடியில் கிடக்கிறதே, ஆட்டண்ணே! உங்கள் பல்தடம்தானே இது?”

“என்னுடையதுதான். முதுகில் இருக்கிறதா?”

“நான் கொடுத்த புல்லைத்தானே இப்போதும் மெல்லுகிறீர்கள்!”

“சாப்பிடும்போது வழக்குப் பேசாதே, தம்பி.”

வழக்கை விசாரிக்க வேண்டிய நீதிபதி ஆமை மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது. கழுதைக்குச் சாதகமாகவே தீர்ப்பாயிற்று. ஆனால், வாடிய கீரையைச் சந்தையில் எவரும் வாங்கவில்லை. கழுதை அதை வரும் வழியில் அந்த மரத்தடியிலேயே கொட்டிவிட்டு வீடு திரும்பியது. ஆடு நிழலில் படுத்தபடி அதைத் தின்றது.