மேனஸின் லைஃப் ஜாக்கெட்

அயர்லாந்தின் டொனகால் கரையில், மே மாதச் சனிக்கிழமைகளில் துறைமுகத்தில் மேசை போட்டு லைஃப் ஜாக்கெட்டுகளைச் சும்மாவே சோதித்துக் கொடுப்பாள் ஊனா. மற்ற நாட்களில் மீட்புப் படகில் போவாள். அதற்கும் சம்பளம் கிடையாது.

ஜாக்கெட்டுக்குள் சின்ன காஸ் குப்பி ஒன்று இருக்கும். தண்ணீரில் விழுந்தால் அதுதான் ஜாக்கெட்டை ஊதும். காஸ் குறையாமல் இருக்கிறதா என்று ஊனா அதை எடை போட்டுப் பார்ப்பாள்.

ரோஷின் வழக்கம்போல அண்ணன் மேனஸின் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். அதை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, எப்போதும்போல வாயில் புகையும் பைப்போடு கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. நாலு வருஷமாகிறது.

"குப்பி மறுபடியும் காலிடி," என்றாள் ஊனா. ஜாக்கெட்டின் மடிப்பு கலையவில்லை. குப்பியின் மூடி துளைபடவில்லை; துளைபடாமல் காஸ் வெளியேற வழியே இல்லை.

"மூணாவது வருஷம்! ஆணியை விட்டு நகரவே இல்லையே. நான் குடிச்சுத் தீர்க்கிறேன்னு நினைக்கிறியா?"

"நீ குடிச்சிருந்தா இந்நேரம் மிதந்திருப்ப."

அடுத்து நின்ற ஃபினியன் ஆப்பிள் கேக்கை மேசையில் வைத்தான். பிப்ரவரியில் நண்டுப் படகிலிருந்து ஜாக்கெட் இல்லாமல் விழுந்தவனை ஊனாவின் படகுதான் தூக்கியது.

"உங்களுக்குத்தான்க்கா. நீங்க வர்ற வரைக்கும் யாரோ அக்குளைப் பிடிச்சுத் தாங்கிட்டே இருந்தாங்க. பைப் புகையிலை வாசனைகூட வந்துச்சு."

ரோஷின் தலை நிமிரவில்லை. போன வருஷம் கடலில் விழுந்து பிழைத்த டப்ளின்காரியும், அதற்கு முந்தின வருஷம் பிழைத்த பையனும் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

ஊனா புதுக் குப்பியைப் பொருத்தினாள். பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து ஜாக்கெட்டின் பையில் போட்டு மூடினாள்.

"இது எதுக்குடி?"

"இந்தக் கோடையில கடலுக்கு வர்ற கூட்டம் ஜாஸ்தி. அவனுக்கு ஒண்ணு பத்தாது," என்றாள் ஊனா.