பதினான்கு கிராம்

தராசு பதினான்கு கிராம் அதிகம் காட்டியது.

ராக்கெட் விடுகிறவர்கள் தரப்பிலிருந்து வந்திருந்த எடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தராசு மனம் மாறவில்லை. அவரும் மாறவில்லை. இருபத்தைந்து கிலோ என்றால் இருபத்தைந்து கிலோதான், ஒரு கிராம் கூடினாலும் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வயரிங் அக்காவுக்கு அந்த ஆளைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

மேசைமேல் இருந்தது ஒரு சின்ன விண்கலம். கைப்பெட்டி அளவுதான் இருக்கும். மனிதர்கள் மறுபடி நிலாவுக்குப் போவதற்கு முன்னால் இது தன்னந்தனியாகப் போய், அந்தப் பாதையில் சுற்றிப் பார்த்து, வரலாமா கூடாதா என்று சொல்லியனுப்ப வேண்டும். வயர் ஒவ்வொன்றையும் அவள் கையால் பொருத்தியிருந்தாள். நாலு மணிக்கு இதைப் பெட்டியில் வைத்து மூடிக் கொண்டுபோய்விடுவார்கள். இப்போது மணி இரண்டு.

பதினான்கு கிராம் என்பது மூன்று தாள் காகிதத்தின் கனம்கூட இல்லை என்று தலைமைப் பொறியாளர் கெஞ்சிப் பார்த்தார். எடைக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது ரகளை. பேட்டரிக்காரர்கள் கேமராக்காரர்களைக் கைகாட்டினார்கள். கேமராக்காரர்கள் ஆன்டெனாக்காரர்களைக் கைகாட்டினார்கள். மூன்று வருடம் அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள், பாகப்பிரிவினை நடக்கிற வீட்டில் நிற்பது போல ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார்கள். தராசுக்கு அது உறைக்கவே இல்லை.

கடைசியில் எல்லோர் பார்வையும் பெயர்த்தகட்டில் போய் நின்றது.

மெல்லிய தகடு. திருகுகளோடு சேர்த்துப் பதினெட்டு கிராம். கலத்தைச் செய்த நாற்பத்தோரு பேரின் பெயரும் அதில் செதுக்கியிருந்தது. நாற்பத்தோராவது பெயர் வயரிங் அக்காவுடையது. இடம் போதாமல் எறும்பு சைஸில் இருந்தாலும் பெயர் பெயர்தானே. நாத்தனாரிடம் அவள் அதைச் சொல்லாத நாளில்லை. அவள் மகள் இன்னும் ஒரு படி மேலே போய், அம்மாவே நிலாவுக்குப் போகிறாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டியதும் அவள்தான். நாலு திருகுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலங்கிப் பையில் போட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. முகக்கவசம் இருந்ததால் மூக்கு சிவந்தது வெளியே தெரியவில்லை.

தராசு இறங்கியது. எடைக்காரர் கையெழுத்துப் போட்டார். கலத்தைத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார்கள்.

திருகுகளையாவது பத்திரமாக எடுத்து வைப்போம் என்று அவள் பைக்குள் கையை விட்டாள். திருகுகளோடு ஒரு துண்டுச் சிவப்பு நாடாவும் கையில் வந்தது.

அவள் சட்டென்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

கலத்தில் தூசி படக்கூடாத இடங்களுக்கு ஏழு மூடிகள் உண்டு. கிளம்புவதற்கு முன் ஏழையும் எடுத்துவிட வேண்டும். மறந்துபோகாமல் இருக்கத்தான் ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா. காலை எட்டு மணிக்கே அவள் எல்லாவற்றையும் கழற்றிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். ஆனால் ஒன்பது மணிக்கு எல்லோரும் கலத்தைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முகம் தெரிய வேண்டுமே என்று கவசத்தை இறக்கிய தலைமைப் பொறியாளர், அந்தப் பாழாய்ப்போன நேரம் பார்த்துப் பலமாக ஒரு தும்மல் போட்டார்.

பதறிப்போய் அவள் ஒரு மூடியை எடுத்துக் கலத்தின் கண்ணில் திரும்ப மாட்டினாள். நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்கிற கண் அது. அவசரத்தில் அறுந்துபோன நாடாவைப் பையில் திணித்தவள், அதோடு மறந்துபோனாள். கருப்புக் கலத்தில் கருப்பு மூடி. அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் இது கண்ணைக் கட்டிக்கொண்டு நிலாவுக்குக் கிளம்பிவிடும்.

"ஐயா, பெட்டிய மூடாதீங்க! இன்னும் ஒரு மூடி கழட்டாம இருக்கு, நான்தான் மாட்டினேன்!"

கலத்தை வெளியே தூக்கி மூடியைக் கழற்றினார்கள். எடைக்காரர் அதை வாங்கித் தராசில் வைத்தார்.

பதினைந்து கிராம்.

மூடியில்லாமல், தகட்டோடு எடை போட்டார்கள். ஒரு கிராம் குறைவு. பேட்டரிக்காரர்கள் கேமராக்காரர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வயரிங் அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், தும்மலைத் தவிர. தலைமைப் பொறியாளரும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை.

தகட்டை மாட்டும் முன் அவர் எடைக்காரரிடம் போனார். நீங்கள் பிடிவாதம் பிடிக்காவிட்டால் குருட்டுக் கலத்தை அல்லவா அனுப்பியிருப்போம், உங்கள் பெயரையும் இதில் செதுக்குகிறோம் என்றார். செதுக்கினால் எடை குறையத்தான் செய்யும், கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

அன்றைக்கு முதல்முறையாக எடைக்காரர் சிரித்தார்.

"எம்பேரு எதுக்குங்க? இது போற வழியில அடுத்து நிலாவுக்குப் போற நாலு பேர்ல என் பொண்ணும் ஒருத்தி."

வயரிங் அக்கா மேசைக்குத் திரும்பினாள். ஏழு மூடிகளையும் வரிசையாக வைத்து, இன்னொரு தடவை எண்ணினாள்.