நாற்பது வாசகர்கள்

“யார் யார், எந்த போன்ல மெயிலைத் திறந்தாங்கன்னு ஒவ்வொரு பேரா காட்டுமாம். இதைத்தான் எடுக்கப் போறேன்” என்றார் விதைக்கடைக்காரர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் மனைவியின் கையிலிருந்த தேநீர் தளும்பியது.

“எதுக்குங்க அதெல்லாம்? அந்த இன்னொரு கம்பெனி பாதி விலைதானே. மொத்தம் எத்தனை பேர் படிச்சாங்கன்னு அதுவும் காட்டுது. அது போதாதா?”

“தலையை மட்டும் எண்ணிட்டுப் போறதுக்கு நான் என்ன ஆடா மேய்க்கிறேன்?”

“அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கிறதும் ஒரு பொழப்பா?”

“வாரா வாரம் நாற்பது பேர் தவறாம படிக்கிறாங்க. அவங்க யாருன்னு நான் தெரிஞ்சுக்கக் கூடாதா? நல்லாயிருக்கே உன் நியாயம்!”

இதுவரை அவருடைய மின்னஞ்சல்களை அனுப்பிவந்த இலவசச் சேவையை இந்த மாதத்தோடு மூடுகிறார்களாம். புதிதாக எதை எடுப்பது என்றுதான் வீட்டில் இந்த இழுபறி. மனிதர் பிடித்த பிடியை விடுவதாக இல்லை.

சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இடித்துத் தள்ளும்வரை, கடைத்தெரு முனையில் அவருக்கு ஒரு கடை இருந்தது. ஒற்றை ஆள் கடை. கண்ணாடிச் சீசாக்களில் விதைகள், கல்லாப் பெட்டிமேல் ஒரு சின்ன மின்விசிறி, அது திரும்பும்போதெல்லாம் பறக்கும் காகிதங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துவிடுவார். பள்ளிக்கூட ஆசிரியை, ‘தக்காளி டீச்சர்’. எதை நட்டாலும் பட்டுப்போகும் வங்கி அதிகாரி, ‘மொட்டைத் தோட்டம்’. மாலை நேரத்தில் மனைவியும் போய் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக் கொடுப்பாள். “மொட்டைத் தோட்டம் வந்திருக்கார், பாவம், நல்ல விதையா எடும்மா” என்று இவர் குரல் கொடுக்க, அந்த அதிகாரிதான் முதலில் சிரிப்பார். விற்றது கால் பங்கு, பேசியது முக்கால் பங்கு. அப்படி ஒரு கடை அது.

கடை போனபின் வீட்டுப் பின்னறையே கடையாயிற்று. என்ன விதைக்கலாம், எப்போது உரம் போடலாம் என்று பழைய வாடிக்கையாளர்களுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் எழுதினார். எப்போதாவது யாராவது ஒரு பொட்டலம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார்கள். ஆனால் எழுதியதைத் திறந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை என்று அந்த இலவசச் சேவையின் கணக்கு காட்டியது.

“பேச ஆளில்லாத கடை எதுக்கு?” என்றவர், சவரம்கூடச் செய்யாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் “ம்” என்பதோடு சரி.

அவள் பயந்து போனாள். அந்தப் பயத்தில்தான் அதைச் செய்தாள். வாயில் வந்த பெயர்களையெல்லாம் போட்டுக் கைபேசியில் புதுப்புது முகவரிகளைத் தொடங்கி, அவருடைய மின்னஞ்சலுக்குப் பதிந்துவைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒரே நாளில் கூட்டம் சேர்ந்தால் நம்ப வேண்டுமே! வாரா வாரம் அவர் கண்ணயரும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். எண்ணிக்கை ஏறியது. மனிதர் எழுந்து உட்கார்ந்தார். சவரம் செய்தார். “எனக்காக நாற்பது பேர் காத்திருக்காங்க, தெரியுமா?” என்று சட்டையை மாற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

அந்த நாற்பது பேரும் ஒரே ஆள் என்று இப்போது தெரிந்துபோனால்? மறுபடியும் அந்தச் சுவர்தானே?

“இன்னொண்ணும் இருக்கு” என்றார் அவர். “ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க பேரைப் போட்டே மெயில் போகுமாம். ‘அன்புள்ள வாடிக்கையாளருக்கு’ன்னு எழுதி எழுதி எனக்குக் கை கூசுது. கடையில யாரையாவது அப்படிக் கூப்பிட்டிருக்கேனா?”

“விதை வித்த காசெல்லாம் மெயிலுக்கே போயிடும்.”

“போகட்டுமே! நீ ஏன் இப்படி முகம் வெளுத்து நிக்கிற? போய் அந்தத் தேநீரையாவது குடி, ஆறிடப் போகுது.”

பணம் கட்டியாயிற்று. அன்றும் மறுநாளும் கதவைச் சாத்திக்கொண்டு பெயர்களை ஏற்றினார். அவள் எட்டிப் பார்த்தால், “தொழில் ரகசியம்! போ, போ” என்று விரட்டினார்.

வழக்கமான நாளில் முதல் மின்னஞ்சல் புறப்பட்டது. “பாக்கலாம், நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னு” என்றபடி அவர் போய்ப் படுத்தார்.

அவள் கைபேசியை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். திறந்தால், எல்லாமே ஒரே கைபேசியிலிருந்து திறந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். திறக்காவிட்டால், ஒருவர்கூடப் படிக்கவில்லை என்று காட்டும். இரண்டில் எது அவரை அதிகம் உடைக்கும்? ஏமாந்தோம் என்ற கோபத்தில் ஒரு மனிதர் எழுந்து கத்தவாவது செய்வார். யாருமில்லை என்று படுத்தால் எழுந்திருக்கவே மாட்டார். அதை அவள் பார்த்திருக்கிறாள்.

திறந்தாள்.

மீசைக்கார ஆள் ஒருவரை மனதில் நினைத்துத் தொடங்கிய முகவரி அது. மின்னஞ்சலோ, ‘அன்புள்ள கோபக்காரிக்கு’ என்று ஆரம்பித்தது.

பெயர் மாறிப்போச்சு போலிருக்கிறது என்று அடுத்ததைத் திறந்தாள். ‘அன்புள்ள சர்க்கரையை ஒளித்து வைப்பவளுக்கு.’ அதற்கடுத்தது, ‘அன்புள்ள பொய் சொல்லத் தெரியாதவளுக்கு.’

ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் படிக்க முடிந்தது. எதிலும் அவள் போட்ட பெயர் இல்லை.

கடைசி முகவரிக்கு மட்டும் அவர் கொஞ்சம் நீளமாகவே பெயர் வைத்திருந்தார்: ‘அன்புள்ள, நாற்பது பேராக வந்து என்னை எழுப்பி உட்காரவைத்த ஒருத்திக்கு.’