பக்தவத்சலம் மெஸ் சாப்பாடு

“பாரிஸா? எனக்குத் தெரிஞ்ச பாரிஸ், மெட்ராஸ் பாரிஸ் கார்னர் ஒண்ணுதான்டா” என்றபடி படகிலிருந்து அந்தமானின் ராஸ் தீவில் கால் வைத்தார் திருநாவுக்கரசு.

தம்பி இராமகிருஷ்ணன் சிரித்தான். “வெள்ளைக்காரன் இருந்தப்ப இதைக் கீழை நாட்டுப் பாரிஸ்னுதான் சொல்வாங்களாம். சர்ச், டான்ஸ் ஹால், ரொட்டிக் கிடங்கு எல்லாம் இருந்த ஊருண்ணா. சீமைக்குப் போகாமலே சீமையைப் பார்த்துட்டுப் போங்க.”

கும்பகோணத்தில் ஹெட்மாஸ்டரான அவருக்குக் கோடை விடுமுறையின் கடைசி நாள் அது. மறுநாள் காலை கப்பல்.

“அத்தான், பாத்து வாங்க. பாசி வழுக்கும்.” பின்னால் வந்த லூசி சொன்னாள்.

“எனக்குக் கண்ணு தெரியும்னு உன் வீட்டுக்காரிகிட்டச் சொல்லுடா.”

வந்து இருபது நாளாகியும் அவளிடம் அவர் நேராகப் பேசியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடிப் பக்கத்து மீன்காரர் மகளைக் கட்டிக்கொண்டுவிட்டதாக இராமகிருஷ்ணன் போர்ட் பிளேரிலிருந்து எழுதியபோது, அம்மா ஒரு வாரம் அழுதாள். பிறகு அவளே ஒரு பட்டுச் சேலையைக் காகிதத்தில் சுற்றி இவர் பெட்டியில் வைத்தாள். “நீ போய்ப் பாரு. உன் மனசுக்குப் பட்டா அவகிட்டக் குடு. படலைன்னா திருப்பிக் கொண்டாந்துடு.”

மின்னி பேயில் தம்பியின் குவார்ட்டர்ஸில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஊருக்குப் போயிருந்த யாரோ நண்பரின் காலி வீட்டில்தான் ஜாகை. வேளாவேளைக்கு பக்தவத்சலம் மெஸ்ஸிலிருந்து தம்பி கேரியர் கொண்டுவந்துவிடுவான். சுத்த சைவம்.

சர்ச்சுக்குக் கூரை இல்லை. மொட்டைச் சுவர்களை ஆலவேர்கள் இறுகப் பிடித்திருந்தன.

“வேரை வெட்டி எறிஞ்சா என்ன?”

“வெட்டினா சுவரும் விழுந்துடும்ணா” என்றான் தம்பி.

மதியம் டான்ஸ் ஹால் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். இராமகிருஷ்ணன் கேரியரைத் திறந்து அண்ணனுக்குப் பரிமாறினான். சோறு, வற்றல் குழம்பு, மிளகு ரசம்.

“முதல் வாரம் சுமார்தான். இப்ப சமையல்காரனை மாத்திட்டான் போலிருக்கு, ரசம் பிரமாதம்!” என்றவர், அவர்கள் இலையைப் பார்த்து முகம் சுளித்தார். “என்னடா அது?”

“மரவள்ளிக்கிழங்குண்ணா. மிளகாய்ச் சட்னி.”

“தினமும் இதுதானா?”

“பழகிப்போச்சு.”

காவிரித் தண்ணியில் விளைந்த சம்பாச் சோறு தின்று வளர்ந்த பிள்ளை! ஒரு பிடி சோறு வடித்துப்போடத் துப்பில்லாதவளிடம் வந்து மாட்டிக்கொண்டானே என்று அவருக்கு வயிறு எரிந்தது. அம்மாவிடம் சொல்ல இது ஒன்று போதும்.

லூசி தன் இலையை மடித்தாள். பிறகு சொன்னாள்.

“அத்தான், நாளைக்கு ஜகாஜ் ஏறிருவிய. இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வாய் நம்ம வீட்டுல சாப்பிடுங்களேன். மீன் படாத புதுப்பானையில வச்சுத் தாரேன்.”

திருநாவுக்கரசு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

“பானை புதுசா இருக்கலாம்மா. கை?”

இராமகிருஷ்ணன் எழுந்து தூரப் போய்விட்டான். லூசி குனிந்து, காலி கேரியரின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். “படகுக்காரன் கூப்பிடுதான்” என்றாள்.

கீழே படகுக்காரன் “சலோ, சலோ” என்று கத்திக்கொண்டிருந்தது உண்மைதான்.

மறுநாள் கப்பல் துறையில் லூசி நாலடி தள்ளியே நின்று கும்பிட்டாள். அவர் கடலைப் பார்த்துத் தலையசைத்தார். இராமகிருஷ்ணன் ஒரு பொட்டலத்தை அவர் கையில் திணித்தான். “புளியோதரைண்ணா. மெஸ்ல கட்டித் தந்தாங்க. ரெண்டு நாள் தாங்கும்.”

போர்ட் பிளேர் ஒரு பச்சைக் கோடாகச் சுருங்கிய பிறகு, கப்பலின் பங்க் படுக்கையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். வாசனை ஆளைத் தூக்கியது. எதிர் பங்க்கில் விபூதியும் தொப்பையுமாக ஒருவர், மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போகிறவராம், மூக்கை உறிஞ்சினார்.

“சாப்பிடுங்க சார், கூச்சப்படாதீங்க” என்று ஒரு பிடி அள்ளி அவர் கையில் வைத்தார் திருநாவுக்கரசு. “சுத்த சைவம். பக்தவத்சலம் மெஸ் தயாரிப்பு.”

வாயில் போட்ட மனிதர் மெல்லுவதை நிறுத்தினார்.

“பக்தவத்சலம் நான்தானுங்களே!”

“அப்படியா! உங்க ரசத்துக்கு நான் அடிமை சார். போர்ட் பிளேர்ல என் தம்பி இராமகிருஷ்ணன் தினம் உங்க கேரியர்தான்...”

“டாக்யார்டு இராமகிருஷ்ணன் சாரா? அவருக்கு அண்ணனா நீங்க?” அவர் குழம்பிப்போனார். “நான் மெஸ்ஸை மூடிப் பன்னிரண்டு நாளாச்சுங்களே. கப்பல் வரல, ஊர்லயே அரிசி இல்ல. பெரிய ஆபீசர் வீட்டுலயும் கிழங்குதான். நேத்து ராத்திரிதான் மூட்டை இறங்குச்சு. உங்க தம்பி மெஸ் பேர் போட்ட காலி கேரியரை மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. இன்னைக்கு விடியக்காலையில அவர் வீட்டம்மா கழுவித் துடைச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க.”

இன்னொரு வாய் போட்டுக்கொண்டார். “யார் கை பண்ணினதோ சார், சத்தியமா இது என் மெஸ் கை இல்ல.”

திருநாவுக்கரசு எழுந்து வட்ட ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். பச்சைக் கோடும் மறைந்திருந்தது.

பங்க்கின் அடியில், பிரிக்காத காகிதத்தோடு பட்டுச் சேலை கும்பகோணத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.