ஒரு தலையசைப்பு

அவருக்குக் கழுத்து குறுகுறுத்தது.

மைதானத்தின் எதிர்ப்புறம், பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டு கஜபதி கேலரியைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தான். அவருடைய வெள்ளைத் தொப்பியைத் தேடுகிறான். கண்டுபிடித்துவிட்டான். பார்வை அப்படியே நின்றது.

ஆட்டம் சமன். இன்னும் கொஞ்ச நேரம்தான் மிச்சம். கோட்டோரத்தில் மாற்று ஆட்டக்காரன் டில்லி பனியனை உள்ளே செருகிக்கொண்டு, எப்போது இறக்குவார்கள் என்று குதித்துக்கொண்டிருந்தான்.

அவர் இந்தக் கால்பந்து கிளப்புக்குக் கோச்சாக இருந்த இருபது வருஷமும் இப்படித்தான். உதவி கோச் கஜபதி அவர் காதோரம் குனிந்து ஒரு பெயரைச் சொல்வான். அவர் தலையை அசைப்பார். அந்த ஆள் இறங்குவான். பெரும்பாலும் கோலும் விழும்.

பெயர் கஜபதியுடையது. தலையசைப்பு மட்டும்தான் அவருடையது.

கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும்போது இது யாருக்கும் ஞாபகம் வராது. அவருக்கும்தான். கோச் தலையாட்டினால் கோல் என்று வியாசர்பாடி முழுக்கப் பேச்சு. வீட்டில் எதைக் கேட்டாலும் தலையாட்டாத மனுஷன் என்று மனைவிக்கு மட்டும் குறை.

போதும், வேறு ஆளைப் பாருங்கள் என்று கமிட்டியில் சொன்னது அவரேதான். கொஞ்சமாவது தடுப்பார்கள் என்று நினைத்திருந்தார். மறுநாளே மாலை வாங்கி வந்து போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஈரமண்ணும் வியர்வையும் கலந்த அந்த வாடைக்கு மனசு ஏங்கியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே, கூப்பிடத்தான் வந்திருக்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்தார்.

இன்று கூப்பிட்டார்கள். ஆட்டம் பார்க்க.

பக்கத்து நாற்காலியில் கிளப் தலைவர் துரைக்கண்ணு. இடைவேளையில் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

"உங்கள கேக்காம அவனா ஒரு முடிவு எடுத்தான்னா, அடுத்த கோச் கஜபதிதான். இல்லன்னா நீங்களே திரும்ப வந்துடுங்க. எங்களுக்கும் நிம்மதி."

அவர் தன் டீயைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்ப வந்துவிடலாம். தலையை லேசாக அசைத்தால் போதும். தலைவர் பக்கத்திலேயே இருக்கிறார், பார்க்காமல் போக மாட்டார். இதில் துரோகம் ஒன்றும் இல்லை. அவனாகத்தானே கேட்கிறான்.

கஜபதியின் உதடு அசைந்தது. இத்தனை தூரத்தில் கேட்காது. கேட்க வேண்டியதும் இல்லை. டில்லியைத்தான் சொல்கிறான். எதிரணியில் பின்னால் நிற்பவன் ஒருவன் காலை இழுத்து இழுத்து ஓடுகிறான். அவன் பக்கமாக டில்லியை விட்டால் பிடிக்க ஆளில்லை.

சரியான பெயர். எப்போதும் போல.

கஜபதியின் தலை முழுக்க வெளுத்திருந்ததை இப்போதுதான் கவனித்தார். பக்கத்திலேயே இருந்தவரைக்கும் தெரியவில்லை.

சட்டென்று குனிந்தார்.

முன் நாற்காலியின் முதுகுக்குப் பின்னால், தலையை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய், செருப்பு வாரைப் பிடித்துக்கொண்டார். என்ன ஆச்சு என்று தலைவர் கேட்டார். வார் அறுந்துவிட்டது என்றார். அறுந்திருக்கவில்லை.

கீழே கடலைத் தோல் சிதறிக் கிடந்தது.

இப்போது தேடுவான். தொப்பியைக் காணாமல் தவிப்பான். தவிக்கட்டும். இறக்குடா, இறக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இறக்காதே என்றும் உள்ளே ஒரு ஆசை கிடந்து அடித்துக்கொண்டது. அது சின்ன ஆசையாக இல்லை.

கேலரியில் சத்தம் எழுந்தது. டில்லி, டில்லி என்று கத்தினார்கள்.

இறக்கிவிட்டான்.

அவர் குனிந்தபடியே, கடலைத் தோலைப் பார்த்து, ஒரு தடவை தலையை அசைத்தார்.

பிறகு நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தலைவர் சிரித்துக்கொண்டே அவர் தொடையில் தட்டினார். அவரும் சிரித்து வைத்தார். கஜபதி கோட்டோரம் வரை வந்து, கையை வீசி வீசி டில்லிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான்.

கடைசி விசில் வரை அவன் கேலரிப் பக்கம் திரும்பவே இல்லை.

வெயில் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.