தாப்பாவில் வின்டர்

மலேசியாவின் தாப்பா ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தர்மேந்திரன் பசையும் கையுமாக உட்கார்ந்திருந்தான். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகள் கவிநிலாவுக்குக் 'குளிர்கால மரம்' செய்துவரச் சொல்லி வீட்டுப்பாடம். செய்ய வேண்டியவளோ தரையில் படுத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாப்பா வெயில்ல வந்து பனி கேக்குறாங்க பாரு. அந்த டீச்சருக்கு வெயில் மண்டையில ஏறிடுச்சு போல லா" என்றான் மனைவி சரளாவிடம்.

சரளா துணி மடித்தபடியே, "புத்தகத்துல வின்டர்னா பனிதான் இருக்கு. பஞ்சு ஒட்டுங்க" என்றாள்.

"எங்க தோட்டத்துல வின்டர்னா ரப்பர் மரம் இலை கொட்டுறது. மரமெல்லாம் மொட்டையா நிக்கும், பாலும் குறைஞ்சிரும். நான் அதத்தான் செய்வேன்."

சொன்னபடியே அட்டையில் ஒரு காய்ந்த குச்சியை நட்டு, அடியில் பழுத்த இலைகளை ஒட்டினான்.

"டீச்சர் மார்க் குறைப்பாங்க."

"குறைக்கட்டும். அந்தம்மா ஈப்போ டவுன்ல வளர்ந்தது, ரப்பர் மரத்த எங்க பார்த்துச்சு? நேர்ல வந்தா நானே பாடம் எடுப்பேன்."

சரளா எழுந்துவந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கொண்டையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவை உருவி, அட்டையின் மூலையில் எழுதினாள்: 'மரம் அருமை. அப்பா செய்தது. மகள் மீண்டும் செய்யவும்.'

கவிநிலா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நான் அப்பவே சொன்னேனேப்பா, டீச்சர் தூங்குனப்புறம் செய்யலாம்னு."